குழாய்க்குள் இருக்கும் பூஜ்யம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும், முழங்கால் உட்பட, சுகமாக இருக்க வேண்டும்.

போன தடவை வந்தபோது, "உன் மக வருஷக்கணக்கா வெறும் குழாய்க்குள்ள என்னத்தத் தேடுறா? படிப்ப நிறுத்தச் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். குழாய்க்கடை வைத்திருக்கும் எனக்கே பதில் தெரியாததால் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன். உருளையாக ஒரு பொருள், அதற்குள்ளிருந்து காற்று, வெளிச்சம், சூடு எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டாலும் அந்த வெற்றிடம் சும்மா இருக்காதாம், துடித்துக்கொண்டே இருக்குமாம், அந்தத் துடிப்புக்கு ஓர் ஆற்றல் உண்டாம், அது எவ்வளவு என்பதுதான் அவள் கணக்கு. போன வாரம் விடை வந்துவிட்டது என்றாள். எவ்வளவும்மா என்றேன். "பூஜ்யம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவள் மறுநாள் மதியம்தான் எழுந்தாள். இத்தனை வருஷ உழைப்பும் வீண், பட்டமும் போச்சு என்று உங்கள் தங்கை ஒரு பக்கம் மூக்கைச் சிந்த, நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அவளுடைய பேராசிரியர் அம்மாவிடம் போய் நின்றேன்.

"அஞ்சு பத்துன்னு கேக்கலம்மா. பாவம், ராப்பகலா உழைச்ச பிள்ளை. பூஜ்யம்னா எப்படி? ஒரு அரையாவது பாத்துப் போட்டுக் குடுங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு கரும்பலகைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார்.

"உள்ள இருக்கிற துடிப்பையெல்லாம் கூட்டினா முடிவே இல்லாம போகுதுங்க. வெளிய இருக்கிறதும் அப்படித்தான். அதுலேர்ந்து இதைக் கழிச்சா என்ன வேணும்னாலும் மிஞ்சலாம். பந்து மாதிரி உருண்டையா இருந்தா மிஞ்சத்தான் செய்யுது. இந்த உருளையில மட்டும் ஒரு துளிகூட மிஞ்சல. ஏன்னு நினைச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு. இந்தப் பூஜ்யத்துக்குத்தாங்க உங்க பொண்ணுக்குப் பட்டம்!"

எனக்குப் பாதி புரியவில்லை மச்சான். ஆனால் புல்லரித்துவிட்டது. கடைக்கு வந்து ஒரு குழாயை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். குழாய் என்றால் சுவரும் ஓட்டையும் என்று காலமெல்லாம் விற்றவன் நான். அந்த ஓட்டைக்குள் கணக்கில் அடங்காதது இவ்வளவு இருந்து, எல்லாம் ஒன்றுக்கொன்று கழிந்து நேராகி, ஒன்றுமே நடக்காதது போல என் கடையில் சாதுவாகச் சாய்ந்து கிடக்கிறதே! அதைக் கண்டுபிடித்தது நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்ணா! கண் கலங்கிவிட்டது. குழாயின் மறுமுனையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப்பார்த்து, "என்னண்ணே, அடைப்பா?" என்றார்.

"இல்லீங்க, ஒண்ணுமே இல்ல!" என்று பெருமையாகக் கத்தினேன்.

ஆகவே இனி யார் கேட்டாலும் பூஜ்யம் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களும் ஒன்றுமில்லாததைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "ஐயோ அப்பா, அது தோராயக் கணக்கு. நேத்து இன்னும் நுணுக்கமாப் போட்டுப் பாத்தேன். பூஜ்யம் இல்ல, கொஞ்சூண்டு மிஞ்சுது!" என்கிறாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தெரு முழுக்கப் பூஜ்யம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பார்த்துக் குறைத்துக் கொடுப்பார்களா என்று கேட்க, பேராசிரியர் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.