கவாத்துக் கம்பவுண்டரும் வார்த்தையின் வாலும்

வெள்ளைக்காரன் விட்டுப்போன நீளமான வார்த்தைகளுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் பயப்படவில்லை என்றால், அது மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர்தான். தேயிலைச் செடியை வெட்டிக் குறைப்பதற்குக் கவாத்து என்று பெயர். இவர் இங்கிலீஷ் வார்த்தைகளை வெட்டினார். அதனால் எழுபதுகளில் எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுவதும் இவர் பெயரே கவாத்துதான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

வலது கையைக் கத்தியாக்கி மேஜையில் மூன்று வெட்டு வெட்டுவார். தலை, உடம்பு, வால். ஒருமுறை 'சூப்பரின்டெண்டெண்ட்' என்பதைப் அந்தப் பதவியில் இருந்த பெரிய துரையின் எதிரிலேயே வெட்டி, மேலே உட்கார்ந்துகொண்டு சாமான் கேட்டு இண்டெண்ட் எழுதுகிறவர் என்று பொருள் சொன்னார். மலை உச்சி டிவிஷனுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே போய் மருந்து டின்களில் இருந்த பெயர்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

வியாதிப் பெயர் என்றால் கொண்டாட்டம். உயிர் வாலில் இருக்கிறது என்பார். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் வீக்கம், கஞ்சி குடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். 'ஓமா' என்று முடிந்தால் கட்டி, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் யாரும் முழுப் பெயரை நினைவு வைத்துத் திரும்பியதில்லை. அதற்கும் ஒரு வழி செய்தார். நோயாளியோடு மூன்று பேர் போக வேண்டும், பெயரில் ஆளுக்கொரு துண்டு சுமந்து வர வேண்டும். திரும்பும் ஜீப்பில் மூவரும் தத்தம் துண்டை முணுமுணுத்தபடி நோயாளியைவிடப் பரிதாபமாக உட்கார்ந்திருப்பார்கள். லயத்துப் பெண்கள் வாலைச் சுமந்து வருகிறவன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கவாத்துக்கே முழங்கால் வீங்கியது. தலைக்கு அவர் மச்சினன், உடம்புக்கு ஜீப் ஓட்டும் தங்கராசு, வாலுக்கு ஆபீஸ் கிளார்க்கான நான். டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் பெயரைச் சொன்னார். நெஞ்சுவரை பரவிவிட்டது, இனிமேல் காலை எடுத்தும் பயனில்லை என்றும் சொன்னார். அதைச் சுமக்க நாங்கள் ஆள் கொண்டுபோகவில்லை.

மலை ஏறும்போது, "ம், சொல்லுங்கலே" என்றார் கவாத்து.

"ஆஸ்டியோ, அத்தான்" என்றான் மச்சினன்.

"எலும்பு" என்று தொடையில் ஒரு வெட்டு வெட்டினார்.

"சார்க்" என்றான் தங்கராசு.

"சதை." இன்னொரு வெட்டு.

டாக்டர் என்னிடம் கொடுத்தனுப்பிய வால் ஓமா. "ஐட்டிஸ், அண்ணாச்சி" என்றேன்.

வெட்ட எழுந்த கை அப்படியே நின்றது. அப்படி ஒரு வியாதி உலகத்தில் கிடையாது என்று அவருக்கா தெரியாது? இரண்டு வளைவு தாண்டிய பிறகு கையை மெல்ல என் தோளில் போட்டார்.

"வீட்டுல உங்க மதினி கேப்பா. இதையே சொல்லு. மாத்திராத."

வாசலில் நின்ற மதினி என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். சொன்னேன். அன்றைக்கே கஞ்சி வைத்தார். தை மாதம் கண்ணை மூடும்வரை கவாத்து அதை மிச்சம் வைக்காமல் குடித்தார். வீக்கம் வடிந்திருக்கிறதா பார் என்று மதினி எதிரில் என்னிடம் காலை நீட்டுவார். நானும் வடிந்திருக்கிறது என்பேன்.

ஐட்டிஸுக்குச் சாவு உண்டா தம்பி என்று மதினி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. ஆயுள் முழுக்க வார்த்தைகளை வெட்டிய மனிதர், என் பொய்யை மட்டும் வெட்டாமல் விட்டார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.