தோற்றவர் வரவேற்புக் குழு

ட்ரம்கீலா கவுண்டியின் கெய்லிக் கால்பந்து அணி இறுதிப் போட்டியில் தோற்றுத் திரும்பும்போது, அதை உரிய மரியாதையுடன் வரவேற்பதற்கென்றே ஒரு நிரந்தரக் குழு உண்டு. சந்தைத் திடலில் ஒரு லாரியை நிறுத்தி, வீரர்களை அதன் மேல் ஏற்றுவார்கள். பேண்டு மெதுவாக வாசிக்கும். ஊரே மழையில் நின்று அழுதுகொண்டே கைதட்டும். பிறகு குழுத் தலைவர் மலாக்கி கெரட்டி பேசுவார்.

அந்தப் பேச்சு கவுண்டி முழுக்கப் பிரசித்தம். "அடுத்த வருஷம்" என்று சொல்லும் இடத்தில் அவர் குரல் உடையும். பாதிரியாரே மூக்கைச் சிந்துவார். மலாக்கிக்கு மைதானத்தில் ஒரு கழிவறை கட்டத் துப்பில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அந்தப் பேச்சுக்காகவே ஒவ்வொரு தேர்தலிலும் அவரையே தலைவராக்கினார்கள். அடுத்த வாரம் மறுபடி தேர்தல்.

இந்த வருடம் டப்ளினில் இறுதிப் போட்டி, ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் கில்வாரா கவுண்டியோடு. கில்வாராக்காரர்களைப் பற்றி ட்ரம்கீலாவில் நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லை, அங்கே பெண் எடுத்தவர்கள் உட்பட. ஆட்டம் முடியும் நேரத்தில் ட்ரம்கீலா இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. மலாக்கி நிம்மதியாகக் கண்ணை மூடிப் பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

வீட்டில் மாடு கறக்காமல் கிடக்கிறதே என்ற கவலையில் கேப்டன் ஓஷின் பந்தை எங்கோ பார்த்து ஓங்கி உதைத்தான். கில்வாரா கோல்கீப்பர் வெயிலில் கண் கூசிப் பின்வாங்க, பந்து வலைக்குள் விழுந்தது. கோல் கம்பத்தருகே நின்ற வெள்ளைக் கோட்டு நடுவர் பச்சைக் கொடியைத் தூக்கினார்.

"என்ன டெர்வ்லா, எதுக்குக் கொடி தூக்குறாரு?"

"கோல், தலைவரே. கோலுக்கு மூணு புள்ளி. ஒரு புள்ளியில ஜெயிச்சுட்டோம்" என்றாள் குழுச் செயலாளர் டெர்வ்லா.

"யாரைக் கேட்டுப் போட்டாங்க?"

திரும்பும் பேருந்திலேயே அவசரக் கூட்டம் கூடியது.

"ஜெயிச்சவங்களை வரவேற்க நமக்கு அதிகாரம் கிடையாது" என்றாள் டெர்வ்லா. "அதுக்குத் தனிக் குழு போடணும். பொதுக்குழு கூடினாத்தான் போட முடியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அணி தோத்துட்டதா பாவிச்சு நடவடிக்கை எடுக்கலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அப்போ இந்தக் கப்?" என்றான் ஓஷின்.

"சீட்டுக்கு அடியில வை, தம்பி. மேல ஒரு துண்டைப் போடு" என்றார் மலாக்கி.

ஆனால் ஊர் செய்தியைக் கேட்டுவிட்டிருந்தது. லாரியைச் சுற்றிக் கூத்தும் கும்மாளமுமாகக் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் களைத்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆறுதல் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

"கோச்சை மாத்தணும்னு பேசி வச்சிருந்தோம். அதுவும் போச்சு" என்றாள் கறிக்கடை நோரீன்.

"இனிமே வருஷம் பூரா யாரைத் திட்டுறது?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மலாக்கி ஒலிபெருக்கி முன் நின்றார். அவருக்குத் தெரிந்தது ஒரே பேச்சு. அதுவும் போனால் நாற்காலியும் போகும். வருவது வரட்டும் என்று ஆரம்பித்தார்.

"நம்ம பசங்க தலை குனிய வேண்டியதில்லை."

தொப்பிகள் தலையை விட்டு இறங்கின. பேண்டுக்காரர்கள் சொல்லாமலே மெதுவாக வாசித்தார்கள். "அடுத்த வருஷம்" வந்தபோது மலாக்கியின் குரல் பயத்தில் நிஜமாகவே உடைந்தது. பாதிரியார் கைக்குட்டையை எடுத்தார். ஓஷின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, இனிமே இப்படி நடக்காது" என்றான். திடல் கைதட்டலில் அதிர்ந்தது.

"இவரை விட்டா தலைவருக்கு யாரு இருக்கா? தேர்தல் எதுக்கு?" என்று நோரீன் விசும்பினாள்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கில்வாராவின் தலைவர் கோபமாக இறங்கினார்.

"தோத்தது நாங்க. அழுகை உங்களுக்கா? எங்க ஊர்ல ஒரு ஆளுக்கும் இப்படிப் பேச வரல. மலாக்கியை எங்களோட அனுப்புங்க."

எதிலுமே ஒத்துப்போகாத ட்ரம்கீலா அன்றைக்கு ஒரே குரலில் பதில் சொன்னது.

"கப்பை வேணா எடுத்துட்டுப் போங்க. தோல்வியைத் தர முடியாது."

ஓஷின் கோப்பையைத் துண்டோடு கொண்டுபோய் அவர் காரில் வைத்தான்.