தூரத்து நோய்க்குச் சொந்தக்காரர்

நோயாளி என்று ஓர் இனம் உண்டு. வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. இரண்டிலும் சேராமல், இருவரையும்விட அதிகமாக நோயைப் பற்றிப் பேசிக்கொண்டு, மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. தூரத்து நோய்க்குச் சொந்தக்காரர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். இவருடைய அக்கறை, இவரைத் தெரியாத ஒருவர் மேல்தான் பாயும். நோயாளி எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு இவர் உருகுவார். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் ஜன்னலைச் சாத்துவார். நம் பக்கத்தில் இவர் நடிகருக்காக மண்சோறு சாப்பிடுகிறவர். இங்கிலாந்தின் வடக்கே, ஸ்கெல்பி என்ற எங்கள் ஊரில் மண்சோறு வழக்கமில்லை. இங்கே அவர் வாழ்த்து அட்டை வாங்குவார்.

உங்களுக்கு இப்படி ஒருவரையும் தெரியாதா? நம்ப முடியவில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்தவரைக் காட்டுகிறேன்.

லெனர்ட் பிக்கர்ஸ்கில். பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நகராட்சி எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டாகத் தோட்டம் போட வாடகைக்கு விட்டிருக்கும் நிலத்துக்குச் செயலாளர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்ட மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பிப்ரவரியில், மன்னருக்குப் புற்றுநோய் என்று அரண்மனை அறிவித்த மறுநாள், லெனர்ட் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் பாத்திக்கு வந்தார். இன்னும் யாரும் சாகவில்லையே என்று ஒருவர் நினைவூட்டியதும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எந்த இடத்துப் புற்றுநோய் என்று அரண்மனை சொல்லவில்லை. அதனால் லெனர்டுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. தகரக் கொட்டகையில் தேநீர் குடிக்கிற நேரத்தில் அவர் மன்னரின் உடம்பை ஒவ்வொரு உறுப்பாக எடுத்து ஆராய்ந்து, கணையத்தைத் தள்ளி, குடலைச் சந்தேகித்து, கடைசியில் எதுவானாலும் ஆரம்பக் கட்டம்தான் என்று தீர்ப்புச் சொல்வார். அவர் குரலைக் கேட்டால் காலையில் அரண்மனையிலிருந்து அவருக்குத்தான் போன் வந்தது என்று நினைப்பீர்கள்.

இதையெல்லாம் அவர் யாரிடம் சொன்னார்? பெரும்பாலும் ஹியூவிடம்.

ஹியூ ப்ரேத்வெய்ட் வீடுகளுக்குக் கூரை வேய்கிறவர். லெனர்டின் துண்டுக்கு அடுத்த துண்டு அவருடையது, அதற்கடுத்தது என்னுடையது. தில்லைநாயகம் என்ற என் பெயரை மற்றவர்கள் எல்லாரும் 'தில்' என்று வெட்டிக்கொண்டபோது, கூரைமேல் தனியாக இருக்கும் நேரத்தில் சொல்லிப் பழகி, முழுதாகக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நவம்பரிலிருந்தே ஹியூவுக்கு ரொட்டி தொண்டையைத் தாண்டி இறங்கச் சிரமமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வாத்து வறுவலை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் குடித்தார். பிப்ரவரியில் தேநீரில் ஊறவைத்த பிஸ்கட்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்புப்பட்டையில் ஆணியால் புதுத் துளை போட்டிருந்தார்.

அவர் மனைவி க்ளெனிஸ் டாக்டருக்கு போன் செய்யாமல் இருக்கவில்லை. எங்கள் ஊரில் டாக்டரைப் பார்க்கவேண்டுமென்றால் காலை எட்டடித்ததும் போன் செய்ய வேண்டும். ஊரே அப்போதுதான் போன் செய்யும். பிறகு வயலின் இசையும், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்ற பெண் குரலும் மாறி மாறி வரும். உங்கள் முறை வரும்போது இன்றைய இடமெல்லாம் முடிந்திருக்கும், நாளை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள் என்பார்கள். இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு வழியாகப் பார்த்த டாக்டர், நெஞ்செரிச்சலாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை கேட்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். தேதி வரும் என்றார்கள்.

ஆக, ஒரு பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் மன்னருக்கு என்ன செய்கிறது என்று ஊகித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இனத்தில் இன்னொரு கிளை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் லெனர்டுக்கு அநியாயம் செய்தவனாவேன். நார்மா க்ளெக் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மன்னர் என்று ஒருவர் இருக்கவே கூடாது என்பவர், ஆகவே அவருக்கு நோய் வருவதையும் ஒப்புக்கொள்ளாதவர். மன்னருக்காகத் தோட்டச் சங்கம் பெரிய அட்டை வாங்கி ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று லெனர்ட் கொண்டுவந்தபோது நார்மா பேனாவைத் தொடவில்லை. அந்த ஆளுக்கு ஒரே வாரத்தில் எல்லாச் சோதனையும் முடிந்து சிகிச்சையும் தொடங்கிவிட்டது, இந்த நாட்டில் எத்தனை பேர் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. காத்துக் கிடக்கிறவர்களின் எண்ணிக்கையை நாடு, மாவட்டம், வயது வாரியாக அவர் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருவர் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அட்டை ஹியூவிடம் வந்தது. அவர் போடமாட்டார் என்று நார்மா எதிர்பார்த்தார். ஹியூ பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து, 'ராத்திரியில்தான் கஷ்டம். பகலில் சமாளிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன ஹியூ, நீயுமா?" என்றார் நார்மா.

"அவரும் இப்ப மேல பாத்துக்கிட்டுத்தான் படுத்திருப்பாரு. என்ன, அவர் வீட்டு உட்கூரையில படம் வரைஞ்சிருக்கும். நம்ம வீட்ல ஒழுகுன கறைதான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். லெனர்டும் சிரித்துவிட்டு, வாசகம் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, 'சீக்கிரம் நலம் பெறுக' என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரியில் என்ன கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச்சில் தேதி வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கருவி பழுது, ஆகவே தொலைவிலுள்ள வேறு நகரத்துக்குப் போக வேண்டும். ஹியூ ஓட்டிய வண்டி அவர் வேலை பார்த்த கூரைக் கம்பெனிக்குச் சொந்தம். வேலைக்குப் போகாததால் முதலாளி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். மயக்கமருந்து கொடுப்பார்கள், யாராவது கூட இருந்து அழைத்துவர வேண்டும். க்ளெனிஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லெனர்டைக் கேட்டார்கள். லெனர்ட் தேதியைப் பார்த்ததும் முகம் வாடினார். அன்றைக்கு மன்னர், நோய்க்குப் பிறகு முதல்முறையாக, பக்கத்து மாவட்டத்து ஆட்டுச் சந்தையைத் திறந்துவைக்க வருகிறார். சாலையோரம் நிற்க லெனர்ட் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். யாருக்கு என்று தெரியவில்லை. இதுபோன்ற நேரத்தில் மக்கள் பக்கத்தில் இருப்பதை நோயாளி கண்ணால் பார்க்க வேண்டும், பாதி மருந்து அதுதான் என்று அவர் ஹியூவுக்கே விளக்கினார். ஹியூ தலையாட்டி, குளிரும், சூடாக ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

காரோட்டியது நார்மா. போகும் வழியெல்லாம் அவர் மருத்துவத்துக்கு அரசாங்கம் குறைத்த நிதியைப் பற்றிப் பேசியதாகவும், திரும்பும் வழியில் 'இந்த மாதிரி ஆட்களுக்கு' என்று ஹியூவைக் கைகாட்டிக் கைகாட்டிப் பேசியதாகவும், மருந்து மயக்கத்தில் அரைத்தூக்கமாக இருந்ததால் ஒரு பொதுக்கூட்டத்துக்கு நடுவே தன்னை மேடையில் கிடத்தியிருப்பதாகக் கனவு வந்ததாகவும் ஹியூ பிற்பாடு என்னிடம் சொன்னார். நார்மா பெட்ரோலுக்குக் காசு வாங்கவில்லை. வரவேற்பறையில் நாலு மணி நேரம் காத்திருந்தார். அதையும் சொல்லவேண்டும்.

உணவுக்குழாயில் கட்டி. எப்போதிலிருந்து சிரமம் என்று பெரிய டாக்டர் கேட்டாராம். நவம்பர் என்று சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி எழுதினார். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து செலுத்திச் சுருக்கிப் பார்க்கலாம் என்றார்கள்.

செய்தி தோட்டத்துக்கு வந்தது. இந்த இடத்தில்தான் இந்த இனத்தின் விசித்திரமான குணத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கணையம், குடல் என்று ஊர் கேட்கப் பேசிய லெனர்ட், அடுத்த துண்டிலிருந்த உணவுக்குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹியூ வருகிற நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வேறு நேரத்தில் வந்தார். எதிரே பார்த்துவிட்டால் வானத்தைப் பார்த்து மழை வரும் என்றார். ஆனால் ஹியூ சிகிச்சைக்குப் போய் வாரக்கணக்கில் எழ முடியாமல் கிடந்தபோது அவருடைய துண்டில் ஒரு களைகூட முளைக்கவில்லை. உருளைக்கிழங்குக்கு மண் அணைத்திருந்தது. பட்டாணிக்குக் குச்சி நட்டிருந்தது. யார் செய்கிறார்கள் என்று க்ளெனிஸ் கேட்டதற்கு லெனர்ட், நகராட்சிக்காரர்களாக இருக்கலாம் என்றார். எங்கள் நகராட்சி தெருவிளக்கையே மாற்றாது.

ஜூனில் ஹியூ தடியை ஊன்றிக்கொண்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். தலையில் முடி இல்லை. லெனர்ட் குனிந்து ஹியூவின் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தார், ஓடி ஒளிய நேரமில்லை. நான் என் துண்டில் இருந்தேன்.

லெனர்ட் நிமிர்ந்து, மன்னருக்கு இப்போது நிறம் திரும்பியிருக்கிறது, தொலைக்காட்சியில் பார்த்தேன் என்றார்.

"நல்லது," என்றார் ஹியூ. பிறகு, "லென், நீ என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலப்பா," என்றார்.

லெனர்ட் கையிலிருந்த கிழங்கின் மண்ணைத் தட்டினார். எல்லா மண்ணும் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டா நீ சொல்லிடுவியே," என்றார்.

நான் இந்த இனத்தைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். அதன் இலக்கணத்தை அதற்குமேல் ஒருவராலும் சுருக்கிச் சொல்ல முடியாது. மன்னரை ஆயிரம் தடவை கேட்கலாம். அவர் பதில் சொல்லப்போவதில்லை. நடுராத்திரியில் வாந்தி எடுக்கும்போது நெற்றியைத் தாங்கிப் பிடி என்று மன்னர் உங்களைக் கூப்பிடமாட்டார்.

ஹியூ சிரித்தார். சிரித்தால் இருமல் வந்தது. லெனர்ட் பக்கத்தில் வந்து, தொடலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் கையை ஹியூவின் முதுகுக்கு மேலே அந்தரத்தில் வைத்திருந்து, பிறகு வைத்தார்.

"சரி, கேக்கறேன்," என்றார். "எப்படி இருக்கு?"

"மோசமா இருக்கு, லென்."

"ம்."

"பயமா இருக்கு."

"ம்," என்றார் லெனர்ட். அவர் பேசி நான் பார்த்த மிகச் சிறிய பேச்சு அதுதான். அன்றிலிருந்து மருந்து ஏற்றிக்கொள்ளப் போன நாளெல்லாம் ஹியூ லெனர்டின் காரில்தான் போனார்.

ஆனால் இவர் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செப்டம்பர் கடைசியில் ஹியூ இறந்தார். மாதாகோயிலில் கல்லறைக் காரியம் முடிந்து, ஹாம் சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில் க்ளெனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு லெனர்ட் வெகுநேரம் தவித்தார். கண் கலங்கியிருந்தது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்: மன்னர் நல்லாயிட்டார், வேலைக்குத் திரும்பிவிட்டார், நம்ம ஹியூ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அறையில் பாதிப்பேர் தட்டைப் பார்த்தார்கள். நார்மா ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

"ஆமா லென், பட்டிருப்பாரு," என்றார் க்ளெனிஸ். "இந்தாங்க, கார் சாவிய டேபிள்ல வச்சுட்டுப் போயிடாதீங்க. என்னை வீட்ல கொண்டுவிடணும்ல?"

நார்மா இப்போது மருத்துவக் காத்திருப்பைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறார். 'என் நண்பர் ஒருவர், கூரை வேய்பவர்' என்று தொடங்குகிறார். நன்றாகப் பேசுகிறார், கேட்கிறவர்கள் அழுகிறார்கள். க்ளெனிஸ் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவருக்கு முட்டிவலி, அதற்கு எட்டு மணிக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்.

இனி உங்களிடம் வருகிறேன். ஹியூவை நீங்கள் பார்த்ததில்லை. ஸ்கெல்பிக்கு எப்படிப் போவது என்று தெரியாது. ஆனாலும் அவருக்கு எந்த மாதம் தொண்டை அடைத்தது, யார் காரில் போனார் என்பதெல்லாம் இப்போது உங்களுக்கு அத்துப்படி. லெனர்ட் மேல் கோபம்கூட வந்திருக்கிறது. இளகிய மனசு உங்களுக்கு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஒருவர் இரண்டு தடவை உங்களைக் கூப்பிட்டார். 'இதோ வர்றேன்' என்றீர்கள்.

அவருக்கு உடம்புக்கு என்ன?