கெளுத்தியும் நாலு குப்பித் தண்ணீரும்

போடிநாயக்கனூரில் மீன் சாப்பிடாதவர்கள் பலர் இருந்தார்கள். மீனிடம் மன்னிப்புக் கேட்டவர் ஒருவர்தான். மேலுதட்டின் இருபுறமும் இரண்டிரண்டு கற்றையாகத் தொங்கிய மீசைக்காக ஊர் அவரைக் கெளுத்தி என்றது. உண்மைப் பெயரை அவரே யோசித்துத்தான் சொல்வார்.

நாலு வருஷத்துக்கு முன்பு, ஆற்று மீன்களை ஆராய இங்கே ஒரு சிறு நிலையம் திறந்தார்கள். ஏலக்காய் மண்டிக்குப் பின்னால் இரண்டு அறை. சிப்பந்திகள்: எப்போதும் மதுரைக்குப் போயிருக்கும் ஆபீசர், லேப் அசிஸ்டென்டாக நான், ஆற்றுக்குப் போய் மீனும் தண்ணீரும் கொண்டுவரக் கெளுத்தி. உபகரணங்கள்: நுண்ணோக்கி ஒன்று, கண்ணாடித் தட்டுகள் இரண்டு டஜன், வராத சாமான்களுக்கு எழுதிய நினைவூட்டுக் கடிதங்கள் ஒரு கட்டு.

முதல் வாரம் ஒரு அயிரையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, குனிந்து அதனிடம் பேசினார்.

"கோவிச்சுக்கிறாதப்பு. சர்க்கார் சோலி."

நான் வயிற்றைக் கீறி முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"என்ன தாயி சாப்பிட்டிருக்கு?"

"பாசிண்ணே. வயிறு நிறைய."

"சாப்பிட்டுத்தான் வந்திருக்கு" என்று சொல்லி, மனம் தேறி வெளியே போனார்.

குரங்கணிக்குப் போகும் வழியில் ஆற்றில் கசம் என்று சொல்லும் ஆழமான மடு ஒன்று இருந்தது. அதிலிருந்த மீன்கள் அத்தனையின் முகமும் தனக்குத் தெரியும் என்பார் கெளுத்தி. மலைமேல் ஒரு காப்பித் தோட்டம். காப்பி அறுவடைக் காலத்தில் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீரை அப்படியே ஓடையில் விடுவார்கள். அது கசத்தில் வந்து இறங்கும். இரண்டே நாளில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும்.

நிலையம் திறந்த வருஷம், செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு கெளுத்தி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

"என்னய்யா நாத்தம்?" என்றார் ஏட்டு.

"கொலைங்க எசமான். நூத்துக்கு மேல இருக்கும்."

ஏட்டு எழுந்து தொப்பியை மாட்டினார். கூடைக்குள் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"செத்தவுக ஒனக்கு என்ன வேணும்?"

"தெனம் பாத்துப் பழகுனவுக."

"யார் மேல சந்தேகம்?"

கெளுத்தி ஜன்னல் வழியே மலையைக் காட்டினார்.

"மலைக்கு எப்படிய்யா வெலங்கு மாட்டுறது? வெரசா தூக்கிட்டுப் போ. இல்லேன்னா ஒன்னைய உள்ள வச்சிருவேன்."

"வைங்க எசமான். கூடையும் எங்கூடத்தான் இருக்கும்."

இரண்டு நிமிஷத்தில் விடுதலை செய்தார்கள்.

விஷயம் எளியது. அழுகும் காப்பிச் சாற்றில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகும். தண்ணீரில் கலந்திருக்கும் பிராணவாயுவை அவையே தின்று தீர்த்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். கசத்துத் தண்ணீரில் இரண்டு சொட்டை என் கண்ணாடித் தட்டில் விட்டு வளர்த்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக எழும்பும், எண்ணிவிடலாம். அந்தக் கணக்கை மேலிடத்துக்கு அனுப்பினால், கழிவுத் தண்ணீருக்குத் தோட்டத்தார் தனிக் குழி வெட்டியாக வேண்டும். இதைச் சொன்னபோது கெளுத்தி என் தட்டுகளைத் தொட்டுக் கும்பிட்டார்.

நாலு குப்பிகளைக் கொடுத்து, "பத்திரம்ண்ணே" என்றேன். தண்ணீர் எடுக்கையில் இருட்டிவிட்டதால் ராத்திரி மேலே ஏலத்தோட்டத்தில் தங்கி, மறுநாள் ஏலக்காய் லோடு ஏற்றிவந்த ஜீப்பில் குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

தட்டுகளில் ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. மூன்று நாள் பார்த்தேன். கோயில் தீர்த்தம்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. அப்புறம்தான் குப்பியின் லேபிளை முகர்ந்தேன். ஏலக்காய் வாசனை. தாள் அப்பளமாக மொரமொரத்தது.

"அண்ணே, ராத்தங்கல்ல குப்பியை எங்கே வெச்சிருந்தீங்க?"

"ஸ்டோர்லதான் தாயி."

ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்தும் சூட்டறை. தரையில் கால் வைக்க முடியாது. மலைக்காரர்களுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

"ஈரமா எதை வச்சாலும் மலையில பூசணம் புடிச்சிரும்ல? ஒரு கிருமி அண்டவிடாமக் கொண்டாந்திருக்கேன்" என்றார் பெருமையாக.

எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கிருமிகள்தான்.

அன்றைக்கென்று ஆபீசர் ஊரில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். "தண்ணி சுத்தமா இருந்தா ஒனக்கு என்னம்மா வருத்தம்?" என்றார். ஏலக்காய் வாசனையையும் சொன்னேன். "அப்ப இன்னும் நல்லது" என்று, தண்ணீர் சுத்தம் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மறுபடி தண்ணீர் எடுப்பதற்குள் அறுவடை முடிந்து, ஒரு மழையும் பெய்து, ஆறு தெளிந்துவிட்டது. கசமும் தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். மீன் ஒன்றுகூட இல்லை.

பங்குனியில் கடிதம் வந்தது. தண்ணீர் தூய்மையாக இருப்பதால் இந்த ஆற்றில் ஆராய்ச்சி தேவையில்லை. மாதக் கடைசியில் நிலையத்தை மூடவும். படித்து மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

கெளுத்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் பார்த்து ஆபீசர் போட்ட சத்தத்தில் குப்பிகளைப் பற்றிய பாதி மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எம்மேலதான் தப்பா தாயி?"

"சூடு பட்டா கிருமி செத்துரும்ண்ணே."

படியிலிருந்து எழுந்து என் மேஜை அருகே வந்தார். பிறகு கேட்டார்: "சரி, அடுத்த வருசம் எங்க வைக்கணும்? சொல்லு, மறக்க மாட்டேன்."

இழுப்பறைக் கடிதத்தை நான் எடுக்கவில்லை. குப்பியைச் சுற்றி ஈரச் சாக்கு. வெயில் படாத இடம். அடுப்புப் பக்கமே போகக் கூடாது. எடுத்த அன்றைக்கே இறங்கிவிட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டுச் சொன்னார்: "ஈரச் சாக்கு. அடுப்பு ஆகாது. வெரசா எறங்கணும்..."

ஒன்றை விட்டுவிட்டார். அதை எடுத்துக் கொடுத்து, முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.