நெவில் ப்ரவுஸ் ஊசியை ஆராய்கிறார்

முதலில் விவரங்கள். பெயர் நெவில் ப்ரவுஸ். ஊர் ஆஸ்திரேலியாவில் மில்டூரா. டிராக்டர் உதிரிபாகக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பன்னிரண்டு கிலோ குறைத்துக்கொண்டு வந்தால் மாற்று மூட்டு வைப்பதாக அறுவை மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்காகக் குடும்ப மருத்துவர் எடை குறைக்கும் ஊசியை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கொரு முறை வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டிய அந்த ஊசிப் பேனா, கராஜில் உள்ள குளிர்பெட்டியில், பீர் புட்டிகளுக்குப் பின்னால், உறை பிரிக்காமல் இருக்கிறது.

விவரங்கள் முடிந்தன. இனி அபிப்பிராயம்.

வாசகரே, மனித குலத்தில் 'அவசரப்படாதவர்' என்றொரு இனம் உண்டு. இவர் மருந்துக்குப் பயந்தவர் அல்லர். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். இவர் ஆராய்கிறார். உறைக்குள் மடித்து வைத்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, இறைச்சிக் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம் விசாரித்து, முடி திருத்துபவரின் மைத்துனிக்கு மெல்பர்னில் தெரிந்த ஒருத்திக்கு என்ன ஆயிற்று என்பதைத் தேதி வாரியாக அறிந்து, கடைசியில் கால்நடை மருத்துவரைக்கூட விட்டுவைக்காமல் நிறுத்திக் கேட்டு, எல்லாவற்றையும் மனத்துக்குள் பத்திரப்படுத்திக்கொள்கிறார். கேட்காமல் விட்டது யாரை? எழுதிக் கொடுத்தவரை.

கால்நடை மருத்துவர் பாவம், யோசித்துத்தான் பதில் சொன்னார்: "மாட்டோட எடையைக் கூட்டத்தான் எல்லாரும் எங்கிட்ட வர்றாங்க, நெவ்."

குடும்ப மருத்துவர் ஹெலன் விட்லா எழுதிக் கொடுக்கும்போதே எதையும் மறைக்கவில்லை. "குமட்டும். மலச்சிக்கல் வரலாம். சிலருக்குப் பித்தப்பையில கல்லு. கணையம் வீங்குறது அபூர்வம், ஆனா வயிறு தாங்க முடியாம வலிச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதெல்லாம் பாத்துட்டுத்தான் உங்களுக்கு எழுதுறேன். எடை இப்படியே இருந்தா இதயமும் முழங்காலும் என்ன ஆகும்னு அதையும் கேட்டுக்கோங்க" என்றார். முதல் பாதியை நெவில் கண்கொட்டாமல் கேட்டார். இரண்டாம் பாதியின்போது குனிந்து ஷூ நாடாவைத் தேடிக்கொண்டிருந்தார். எட்டவில்லை.

அபாயம் இருக்கிறதா என்று கேட்பது குற்றமா? இல்லவே இல்லை. தராசில் ஒரு தட்டை மட்டும் மாட்டிக்கொண்டு நிறுப்பதுதான் இந்த இனத்தின் தனிச் சிறப்பு.

புல்வெளியில் பந்துருட்டும் பௌல்ஸ் கிளப்புக்கு வாருங்கள். நெவிலின் நண்பர் டெஸ் டுல்லி இளைத்துப்போய், இடுப்பு வாரில் புதிதாக ஓட்டை போட்டு, மாற்றிய முழங்காலோடு மிடுக்காக நடந்துகொண்டிருக்கிறார். நெவில் ஒரு கையில் தக்காளி சாஸ் வழிய, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பண்டத்தோடு அவரை மடக்குகிறார்.

"மச்சான், உண்மையைச் சொல்லு. ஊசி போட்டியே, குமட்டுச்சா?"

"ரெண்டு வாரம் குமட்டுச்சு. அப்புறம் சரியாப் போச்சு."

"ஆக, குமட்டுச்சு!" நெவில் முகத்தில் வெற்றிக் களை.

"சரிய்யா, நீ கடிக்கிறது எத்தனாவது பை?"

"அதை விடு. பை நமக்கு நாலு வயசுலேருந்து பழக்கம். அதுல என்னென்ன வரும்னு எல்லாம் தெரிஞ்ச சங்கதி."

நெவிலின் மனைவி கிளெனிஸ் பந்தைத் துடைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெவ், கலப்பு ஜோடிப் போட்டிக்குப் பேர் குடுக்கணும். குனிஞ்சு பந்து உருட்டுவியா, மாட்டியா?"

"ஆராய்ஞ்சுக்கிட்டிருக்கேன் கண்ணு. அடுத்த வருஷம் கட்டாயம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. நான் உன்னை நம்பிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

அடுத்த வருஷமும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளெனிஸ் குளிர்பெட்டியைத் துடைக்கும்போது பேனாவை எடுத்துப் பார்த்தார்.

"இந்தா, இது காலாவதி ஆயிடுச்சு!"

நெவில் நாற்காலியைவிட்டு எழவே எழுந்துவிட்டார். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல! கெட்டுப்போற சாமானைப் போய் உடம்புல ஏத்திக்கச் சொல்றாங்க!"

கிளெனிஸ் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் கிளெனிஸ் ப்ரவுஸ், டெஸ் டுல்லி என்று ஒரே வரியில் இரண்டு பெயர்கள் இருந்தன.

போட்டியன்று நெவில் நிழலான பெஞ்சில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி உருட்டிய பந்து இலக்கை உரசி நின்றது. டெஸ் கையை உயர்த்திக் கத்தினார். கிளெனிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்தப் பந்துக்கு வரும் என்று நெவிலுக்குத் தெரியும். முன்பெல்லாம் நெவில் உருட்டும் பந்துக்குத்தான் அது வரும். கையிலிருந்த பை ஆறிக்கொண்டிருந்தது.

"டெஸ்ஸுக்குப் பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகுதுன்னு பாக்கணும்" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம்.

பக்கத்தில் இருந்தவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகரே, சிரித்துவிட்டீர்கள். நல்லது. உங்கள் இழுப்பறையிலும் பண்டிகை கழியட்டும் என்று காத்திருக்கும் மருந்துச் சீட்டு ஏதேனும் உண்டா என்றோ, இதைப் படிக்கையில் உங்கள் மற்றொரு கையில் என்ன இருக்கிறது என்றோ நான் கேட்கப்போவதில்லை. குடும்ப விவரம் ஒன்று மட்டும் பாக்கி.

நெவிலும் கிளெனிஸும் ஜோடியாக ஆடியது: முப்பத்தோரு ஆண்டுகள்.