அது தொறக்கறதுக்குள்ள

மானாம்பதி வேதாசலம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மோர்சோறு சாப்பிட்ட கையைக் கழுவாமலே சபதம் போட்டார்.

"சொக்கு, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு. அந்தக் கம்ப்யூட்டர் வேகமா தொறக்கணும். இல்லன்னா நான் இந்த வூட்ட வுட்டுப் போவணும்."

"போறதுதான் போறீங்க, கைய கழுவிட்டுப் போங்க" என்றாள் அவர் மனைவி சொக்கம்மாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மகள் பூஜா காலேஜில் படிக்கும்போது வாங்கியது. ஒரகடத்தில் வேலை கிடைத்து அவள் லேப்டாப்போடு ஆஸ்டலுக்குப் போய்விட்டாள். கூடத்து மூலையில் அது வாரிசில்லாச் சொத்தாகக் கிடந்தது. வேதாசலம் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. கூத்துப் பார்க்க வேண்டும். விடிய விடியக் கண் முழித்துப் பார்க்க உடம்பு இடம் கொடுக்காத வயசு. இதிலென்றால் பட்டப்பகலில், நாற்காலியில் சாய்ந்தபடி, துரியோதனன் தொடை தட்டுவதைப் பெரிசாகப் பார்க்கலாம்.

பொங்கல் வரைக்கும் பார்த்தார். பிறகு அதற்கு என்ன சீக்கு வந்ததோ. பொத்தானை அமுக்கினால் நீலமாக வரும். திரையில் தெரியும் தன் படத்தைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும். சுற்றும். செக்குமாடுகூட நடுவில் நின்று மூச்சு வாங்கும். இது வாங்காது.

முதல் வாரம் கன்னத்தில் கை வைத்து எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சொக்கம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"சும்மா அதையே பாத்துக்கினு கீறீங்களே, கண்ணு இன்னாத்துக்கு ஆவும்? அது தொறக்கறதுக்குள்ள மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுங்க."

காட்டிவிட்டு வந்தார். வட்டம் சுற்றியது.

"அப்டியே தொட்டிய கழுவி வுட்டுடுங்க."

கழுவினார். வட்டம்.

மறுவாரம் ரேஷன் கடை. அதற்கடுத்த வாரம் மிளகாய் அரைக்க மில். ஒருவழியாகத் திரும்பி வந்தால் திரை திறந்திருக்கும். ஆனால் துரியோதனன் வாயைத் திறந்ததும் இவர் கண்ணை மூடிவிடுவார். திரௌபதிக்குச் சேலை வளர்ந்தது, வேதாசலத்துக்கு வேலை வளர்ந்தது. ஆறு மாசத்தில் வேட்டி இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொண்டது. ஒரு கூத்தைக்கூட முழுசாகப் பார்த்தபாடில்லை.

அதனால்தான் சபதம்.

கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்த தூசியில் அரைக்காணி உளுந்து விதைக்கலாம். துடைத்தார், ஊதினார், மூடினார். வட்டம் அசரவில்லை. வேண்டாததை அழித்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அழித்தார். பூஜாவின் பழைய பாடமெல்லாம் பத்திரமாக இருந்தது. பாடுபட்டுச் சேர்த்த பதினோரு கூத்தும் போய்விட்டது.

புதன்கிழமை டீக்கடையிலிருந்து ஓடிவந்தார்.

"சொக்கு, நோவு தெரிஞ்சிபோச்சி. ராம் பத்தலையாம்."

"இன்னாது?"

"ராம். கம்ப்யூட்டரோட ஞாபகசக்தி. அது கம்மியா கீதாம்."

"ராமருக்குப் பத்தலன்னா அனுமாருதான ஓடணும். இந்தாங்க பை. ஒரு தேங்கா, கால் கிலோ பூண்டு."

அனுமார் ஓடினார்.

வியாழக்கிழமை அவருக்கு யோகம் அடித்தது. தாமலில் ஒரு காதுகுத்து என்று சொல்லிவிட்டு, காலை பஸ்ஸுக்கே சொக்கம்மாள் கிளம்பினாள். பஸ் திரும்பியதுதான் தாமதம், பெட்டியைச் சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்த ஐசக் கடையில் கொண்டுபோய் இறக்கினார்.

ஐசக் சாக்கைப் பிரித்ததும் ஒரு தினுசாகப் பார்த்தான்.

"இன்னாண்ணா கம்ப்ளைன்ட்டு?"

"தொறக்கறதுக்குள்ள உயிரு போவுது ஐசக்கு. எதனா புதுசா போட்டு வேகமாக்கு."

"புதுசுதானண்ணா உள்ள கீது. பொங்கலுக்கு நானே போட்டேன்."

"யாரு எடுத்தாந்தது?"

"அக்காதான். நீங்க ஊர்ல இல்லாதப்ப, ஆட்டோவுல."

ஒயரைச் சொருகிப் பொத்தானை அமுக்கினான். வேதாசலத்தின் வழுக்கைத் தலைப் படமும், பக்கத்தில் ஒரு ரோசாப்பூவும் வந்தன.

"இந்தப் பூவ தொட்டுக்கீறீங்களா?"

"அழகுக்கு வெச்சிக்கீதுன்னு வுட்டுட்டேன்."

"அது அக்காவோட கணக்கு. அத தொட்டா கண்ண சிமிட்டறதுக்குள்ள தொறந்துக்கும். உங்க மண்டைய தொட்டா, மொதல்ல இருவத்திரெண்டு புரோகிராம் தானா எழுந்து ஓடும். அது எல்லாம் எழுந்து, பல்லு தேச்சி, நாஷ்டா துன்னப்புறம்தான் உங்களுக்கு வழி."

"எவன்டா அப்டி வெச்சது?"

ஐசக் ஒயரைப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தான். "நான்தாண்ணா. அவருக்கு சுகர் கீது, ஒரே எடத்துல குந்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாருன்னாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சி."

"எனக்கு ஏதுடா சுகர்?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும். வட்டமா சுத்திச்சி? உங்கள இல்ல சுத்த வுட்டுக்கீறாங்க."

வேதாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மிளகாய் மில், மாட்டுத் தொட்டி, பூண்டு எல்லாம் கண்முன் வந்து போயின. ஐசக் இருபத்திரண்டையும் எடுத்துவிட்டான். வழுக்கைத் தலை உடனே திறந்தது. அவருக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் சொக்கம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் திறந்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஐசக்கு எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"சொன்னானா? நல்ல புள்ள." அவள் செருப்பை ஓரமாக விட்டாள். "வேகமா தொறக்குதா?"

"ஏன் சொக்கு இப்டி பண்ண?"

"நீங்க அதும் முன்னாடி குந்திக்கினா எந்திரிக்க மாட்டீங்க. நான் எப்ப படிக்கறது? நீங்க தண்ணி காட்டற நேரம் ஒரு பாடம், மில்லுக்குப் போற நேரம் ரெண்டு பாடம். பூஜாதான் போன்ல சொல்லிக் குடுத்தா. இனிமே நீங்களே வெச்சிக்குங்க, என் வேல முடிஞ்சிபோச்சி."

"இன்னா வேல?"

"இன்னைக்கு எட்டு போட்டுட்டு வந்தேன்."

"காதுகுத்துல ஏது எட்டு?"

"காதும் குத்தல, மூக்கும் குத்தல. காஞ்சிபுரத்துல ஆபீசர் முன்னாடி வண்டியில எட்டு போட்டேன். காலு கீழ வெக்காம. கம்ப்யூட்டர்ல படிச்ச ரோடு ரூலெல்லாம் முன்னமே எழுதி பாசாயிட்டேன். லைசன்ஸ் தபால்ல வருமாம்."

பத்து வருஷம் முன்னால் வண்டி கற்றுக்கொடுக்கச் சொல்லி அவள் கேட்டதும், 'நீ ஓட்டினா ஏரியிலதான் போயி நிக்கும்' என்று தான் ஊர் கேட்கச் சிரித்ததும் வேதாசலத்துக்கு ஞாபகம் வந்தது. அவருடைய ராம் நன்றாகத்தான் வேலை செய்தது.

"ஓட்டறதுக்கு யாரு கத்துக்குடுத்தாங்க?"

"பக்கத்து வூட்டு பரிமளா. அவ வண்டியிலயே, அந்த ஏரிக்கரையிலதான்." அவள் கையை நீட்டினாள். "சாவி."

லைசன்ஸ் பத்தாம் நாள் வந்தது. அன்றைக்கே சொக்கம்மாள் சந்தைக்குக் கிளம்பினாள். "ஏறுங்க" என்றாள். வேதாசலம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். தெருவே பார்த்தது. பன்னிரண்டு வருஷமாக ஓட்டிய சொந்த வண்டியில், பின்னால் உட்காருகிறவர் காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.