இனிப்பு நீர்க்காரன் சீனி கேட்ட வழக்கு

டுரியான் துங்கால் தோட்டம்,
14.9.1952

சிரஞ்சீவி மருமகன் கணேசமூர்த்திக்கு, சிரம்பானில் உன் ஆபீசும் அதில் உட்கார்ந்திருக்கும் நீயும் சிறக்க வேண்டி மாமன் தம்புசாமி எழுதிக்கொண்டது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதே, சொன்னேன். எனக்கு இனிப்பு நீர் என்று டவுன் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்த டாக்டர், மலாயாவிலேயே இவ்வளவு இனிப்பான ஆளைப் பார்த்ததில்லை என்று கை குலுக்கினார். தினமும் இன்சுலின் ஊசி. ஊசிக்குப் பிறகு கை நடுங்கி வேர்த்தால் உடனே ஒரு பிடி சீனி தின்ன வேண்டும், இல்லாவிட்டால் ஆளே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். இங்கே நம் தோட்டத்து மருந்துக் கொட்டகை டிரெஸ்ஸர் கொர்னேலியஸ் விடிகாலையில் வெறும் வயிற்றில் ஊசியைக் குத்தி ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பிவிடுவார். அவசரகாலச் சட்டமோ, குடியிருப்பைச் சுற்றிய முள்வேலி தாண்டி ஒரு பருக்கை சோறு போகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கேட்டில் நின்ற போலீஸ்காரன் என் மடியிலிருந்த சீனிப் பொட்டலத்தைப் பிடித்துவிட்டான். எனக்கு இனிப்பு நீர், அதற்குத்தான் சீனி என்றேன். வரிசையே சிரித்தது. "மாமா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்லா!" என்றான் எங்களை மேய்க்கும் மண்டோர் ரங்கசாமி.

பத்து மணிக்கு ஒரு மரம் இரண்டாகத் தெரிந்தது. நான் மூன்றாவதை வெட்டிவிட்டு விழுந்தேன். தூக்கி வந்து வாயில் சீனித் தண்ணீர் ஊற்றினார்கள்.

புதன்கிழமை, தோட்டம் தோட்டமாகச் சுற்றி வரும் பெரிய டாக்டர் நம் தோட்டத்துக்கு வந்தார். "அண்ணே, நீங்க வாயத் தொறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்" என்ற கொர்னேலியஸ் என்ன பேசினார் தெரியுமா? இந்த ஆள் திருட்டுத்தனமாகச் சீனி தின்று மயங்கினார், பொட்டலமே சாட்சி, ஊசி மருந்தைக் கூட்டலாம் என்றார். கூட்டினால் அடுத்த வாரம் எனக்குக் காரியம்தான். எழுந்தேன். "நோ சார்! ஊசி உள்ள போவுது, சோறு உள்ள போவல. ஒண்ணு, சீனிக்கு சீட்டு எழுதுங்க. இல்ல, வேலிக்கு உள்ளயே வேலை குடுங்க. மருந்த மட்டும் கூட்டாதீங்க" என்று முழங்கினேன். இடையில் நான் விட்ட இங்கிலீசில் இரண்டு வார்த்தை டாக்டருக்கே புதுசு. "ஒனக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். "ஒடம்பு சார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்போது எனக்கு ஸ்டோரில் பால் வாளி கழுவும் வேலை. காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊசிக்குக் கையை நீட்டுகிறேன்.

கடைசியாக டாக்டர், வீட்டில் மயங்கினால் பார்க்க யார் இருக்கிறார்கள், ஆள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே கிட என்றார். பக்கத்து வீட்டு இருசம்மாள் இருக்கிறாள் என்றேன். சாயங்காலம் ஆனால் வாசலில் வந்து நின்று, "அண்ணே, வேர்க்குதா? பேச்சு கொளறுதா? என்னைய யாருன்னு தெரியுதா?" என்று ஓயாத தொல்லை. தனியாக இருக்க விட்டால்தானே! ஆகையால் நீ கவலைப்பட்டு லீவை வீணாக்காதே.

முருகன் உனக்கு மூன்று வேளைச் சோறும் பேச்சுத்துணையும் குறைவில்லாமல் தரட்டும்.

இப்படிக்கு,
மாமன் தம்புசாமி

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நானே சேர்த்தது. இருசம்மாள் குடும்பம் மாசியிலேயே குருபோங் பக்கம் குடிபோய்விட்டது. டாக்டரிடம் நான் சொன்னது உன் பெயரை. கூடவே இருக்கிறான் என்றேன், அட்டையில் எழுதிக்கொண்டார். இருபத்துநாலாம் தேதி திரும்ப வருகிறார்; அந்த ஆளைப் பார்க்க வேண்டுமாம். ஒரு நாள் லீவு கிடைக்குமா?